படத்தைத் திருப்பிப் போட்டாலும் அதே பதில்: ஓர் ஆய்வு உதவிக்கருவியுடன் இரண்டு ஆண்டுகள்

நான் பயன்படுத்தும் ஒரு செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கருவியின் சந்தாக் கட்டணம் குறைந்துவிட்டது என்ற அறிவிப்பைப் பார்த்த நண்பர் ஒருவர், “இப்போதாவது வாங்கலாமா?” என்று கேட்டிருந்தார். அவரும் என்னைப் போலவே, பொதுவெளியில் கிடைக்கும் படங்கள், காணொளிகள், நிறுவனப் பதிவேடுகள், செயற்கைக்கோள் காட்சிகள் ஆகியவற்றைக் கொண்டு செய்திகளைச் சரிபார்ப்பவர். ஒரு வரியில் பதில் அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இரண்டு ஆண்டுகளாக அந்தக் கருவியோடு நான் நடத்திவரும் சண்டை ஒரு வரிக்குள் அடங்கவில்லை. அது படம் பார்க்கும், இணையத்தில் தேடும், பல மொழிகளைப் படிக்கும், சிறு நிரல்களை எழுதித் தரும் என்பதெல்லாம் அவருக்கும் தெரிந்தவையே, அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்னால் சொல்லும் மனநிலை இருக்காது. நான் சற்றும் எதிர்பாராத இடத்தில் இந்தக் கருவி எனக்குக் கைகொடுத்தது: பெயர்களின் எழுத்துக்கூட்டலில். ஒரே பெயர் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போகும்போது எத்தனை வேடம் போடுகிறது என்பது பதிவேடுகளில் தேடுபவர்களுக்குத் தெரியும். யெவ்கேனி என்ற ரஷ்யப் பெயர் ஆங்கில ஆவணத்தில் ‘வொய்’ என்ற எழுத்திலும், ஜெர்மன் ஆவணத்தில் ‘ஜே’ என்ற எழுத்திலும், பிரெஞ்சு ஆவணத்தில் ‘ஈ’ என்ற எழுத்திலும் தொடங்கக்கூடும். அகரவரிசைப்படி தேடுபவருக்கு அவர் மூன்று வெவ்வேறு மனிதர். ஒரே சீன எழுத்தில் எழுதப்படும் குடும்பப் பெயர் மாண்டரின் பேசுவோரிடம் சென், கான்டனீஸ் பேசுவோரிடம் சான், ஹொக்கியன் பேசுவோரிடம் டான் என்று ஆகிவிடுகிறது. கப்பல் நிறுவனம் ஒன்றின் இயக்குநரை மூன்று வாரமாகத் தேடிக் களைத்திருந்தபோது, அவர் பெயர் எந்தெந்த வடிவங்களில் பதிவாகியிருக்கக்கூடும் என்று பட்டியலிடச் சொன்னேன். ஏறத்தாழ நாற்பது வடிவங்கள் வந்தன. அவற்றில் பாதி வெறும் குப்பை. ஆனால் எனக்குத் தோன்றியே இராத ஒரு வடிவம் வேறொரு நாட்டின் பதிவேட்டில் அவரைக் காட்டிக்கொடுத்தது. பிறந்த மாதமும் முகவரியும் அச்சாகப் பொருந்தின. அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தேடுவதற்கான ஓவர்பாஸ் வினவல்களை, அதாவது தேடல் கட்டளைகளை, எழுதுவதிலும் இப்படித்தான். ரயில் பாதையிலிருந்து நூறு மீட்டருக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்கு முந்நூறு மீட்டருக்குள் ஒரு வழிபாட்டுத் தலம் என்று காணொளியில் கண்டதைச் சாதாரண மொழியில் சொன்னால், முன்பு எனக்கு அரை நாள் பிடித்த வினவல் அரை நிமிடத்தில் கிடைக்கிறது. தவறாக எழுதினால் பெரும்பாலும் பிழைச் செய்தி வந்துவிடும், அல்லது வரைபடம் எதையும் காட்டாது. ஏமாறுவதற்கு இடம் குறைவு.

இனி, இரண்டு ஆண்டுகளாக என் பொறுமையைச் சோதித்துவரும் விஷயம். ஒரு படத்தைக் கொடுத்து இது எந்த இடம் என்று கேட்டால், இந்தக் கருவிக்குத் தெரியாது என்று சொல்லத் தெரியாது.

கடந்த ஆண்டு, வெள்ளம் சூழ்ந்த ஒரு சாலைச் சந்திப்பின் படம் பரவலாகப் பகிரப்பட்டது. அன்றைய வெள்ளம்தானா என்பதே கேள்வி. கருவியிடம் கொடுத்தேன். ஒரு நகரத்தின் பெயரைச் சொல்லி, வாகனங்கள் சாலையின் இடப்பக்கமாகச் செல்கின்றன, விளக்குக் கம்பம் இன்ன வளைவு கொண்டது, நடைபாதை ஓரத்தில் கறுப்பும் மஞ்சளும் பூசப்பட்டிருக்கிறது என்று அழகாகக் காரணங்களை அடுக்கியது. காரணங்கள் என் கண்ணுக்கும் தெரிந்தவையாக இருந்ததால் நம்பிவிட்டேன். அந்த நகரத்தின் தெருக்காட்சிகளை இரண்டு நாள் சலித்தும் அப்படியொரு சந்திப்பு அகப்படவில்லை. சினத்தில், அதே படத்தை இட வலமாகத் திருப்பிப் புதிய உரையாடலில் கொடுத்தேன். இப்போது வாகனங்கள் வலப்பக்கமாகச் செல்கின்றன. கருவியோ அதே நகரத்தின் பெயரையே சொன்னது. முதல் காரணமாக, வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்வதைக் குறிப்பிட்டது.

விடை முதலில் பிறக்கிறது, காரணங்கள் பின்னர் அதற்கேற்பத் தைக்கப்படுகின்றன என்று அன்று எனக்குத் தோன்றியது. இத்தகைய கருவிகளுக்குள் இயங்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் தரும் விளக்கம் அவை உண்மையில் விடையை அடைந்த வழியாக இருக்க வேண்டியதில்லை என்று ஆய்வாளர்களும் சொல்லி வருகிறார்கள். அந்தப் படத்தின் விடை கடைசியில் ஒரு கடைப் பலகையில் இருந்தது. அதிலிருந்த தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கங்கள், தொடக்க இலக்கங்கள் எந்தப் பகுதிக்குரியவை என்பதைப் பார்த்து, பின்னணியில் தெரிந்த மலைமுகட்டின் வடிவத்தோடும், ஒரு கம்பி உடைந்த பாலத் தடுப்போடும் ஒப்பிட்டபோது, இடம் வேறொரு நாடு என்பதும், படம் மூன்று ஆண்டு பழையது என்பதும் உறுதியாயின. இந்த எண்ணைக் கருவியும் பார்த்திருந்தது. மங்கலாக இருந்த இரண்டு இலக்கங்களைத் தன்னிச்சையாக நிரப்பிக்கொண்டு, முழு எண்ணையும் தெளிவாகப் படித்ததாகவே சொல்லியிருந்தது. மங்கல் மங்கலாகவே இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

மனிதர்களும் தவறு செய்வதில்லையா என்று நண்பர் கேட்கக்கூடும். செய்கிறார்கள், ஆனால் அவர்கள் நடந்த வழியில் நாமும் நடந்து பார்க்கலாம். 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைன் வானில் மலேசியன் ஏர்லைன்ஸின் எம்எச்17 பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தபோது, பொதுவெளித் தரவுகளைக் கொண்டு புலனாய்வு செய்ய அதே மாதம் தொடங்கப்பட்டிருந்த பெல்லிங்கேட் குழுவினரும் பிற ஆர்வலர்களும் அதை வீழ்த்திய பக் ஏவுகணை வாகனத்தின் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இந்தக் கம்பம் இங்கே, இந்தக் கூரை இங்கே, நிழல் இந்தப் பக்கம், ஆகவே நேரம் இது என்று படத்துக்குப் பக்கத்தில் படம் வைத்துக் காட்டினார்கள். எவரும் தம் வீட்டிலிருந்தே அதைச் சரிபார்க்க முடிந்தது. மறுக்க விரும்பியவர்களும் குறிப்பான ஒரு கம்பத்தையோ நிழலையோ சுட்டித்தான் மறுக்க வேண்டியிருந்தது. நெதர்லாந்து நீதிமன்றம் 2022 நவம்பரில் மூவரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அந்த எட்டு ஆண்டுகளிலும் அப்படங்கள் திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டன. ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மனித உரிமை மையமும் சேர்ந்து பொதுவெளித் தரவுகளைக் கொண்டு நடத்தும் புலனாய்வுகளுக்காக 2020இல் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறையும், எடுத்த தரவைச் சிதையாமல் காக்க வேண்டும், ஒவ்வோர் அடியையும் எழுதி வைக்க வேண்டும் என்றே வலியுறுத்துகிறது. என் கருவியிடம் அப்படி அடிச்சுவடு என்று எதுவும் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் கேட்ட கேள்வியை எழுத்து மாறாமல் இன்று கேட்டால் வேறு பதில் வருகிறது. இடையில் உள்ளே இருக்கும் மாதிரியையே மாற்றிவிட்டார்கள் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்; பெயர் மட்டும் அப்படியே இருந்தது. தராசை இரவோடிரவாக மாற்றிவிட்டுப் பழைய தராசின் பெயரையே ஒட்டி வைப்பதை எந்த வணிகத்தில் ஏற்றுக்கொள்வோம்?

படம் செயற்கையா, உண்மையா என்று கண்டறிவதில் அது எப்படி என்றும் நண்பர் கேட்டிருந்தார். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பயனில்லை. சமூக ஊடகங்களில் பலமுறை சுருக்கப்பட்டு வந்த படத்தைப் பற்றி அது சொல்லும் விழுக்காடுகளை நான் குறித்து வைப்பதையே நிறுத்திவிட்டேன். போப் பிரான்சிஸ் வெண்ணிறப் பஞ்சு அங்கியில் நிற்பதாக 2023 மார்ச்சில் பரவிய செயற்கைப் படத்தில் உருக்குலைந்திருந்த கையை உற்றுப் பார்த்தாலே போதுமானதாக இருந்தது. அந்தக் காலம் போய்விட்டது. அதே ஆண்டு மே 22 அன்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகன் அருகே வெடிப்பு என்ற போலிப் படம் பங்குச் சந்தையைச் சிறிது நேரம் ஆட்டி வைத்தது. பட்டப்பகலில், மக்கள் நடமாட்டம் மிகுந்த இடத்தில் நடந்த வெடிப்புக்கு ஏன் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது என்ற கேள்வியே அதைச் சந்தேகிக்கப் போதுமானது. அப்பகுதித் தீயணைப்புத் துறையும் அப்படி எதுவும் நிகழவில்லை என்று உடனே அறிவித்தது. இப்படிக் கேட்பதற்குச் சந்தா தேவையில்லை.

சில வேளைகளில் அதன் மேல் எழும் கோபம் நியாயமற்றது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடந்த ஆண்டு ஒரு வதந்தி எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க வழி கேட்டபோது, சமூக ஊடகப் பதிவுகள் எப்படிப் பரவுகின்றன என்று காட்டிவந்த கிரவுட்டேங்கிளைப் பயன்படுத்துமாறு ஆலோசனை சொன்னது. 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்ட சேவை அது. அதற்கு முன்பே 2019இல் ஃபேஸ்புக் பதிவுகளையும் படங்களையும் நுணுக்கமாகத் தேட உதவிய கிராஃப் தேடல் வழி அடைபட்டது. 2023இல் ட்விட்டர் பதிவுகளை நிரல் மூலம் இலவசமாகத் திரட்ட உதவிய தரவு வாயிலும் மூடியது. தேடும் கருவிகள் கூர்மையடைந்த அதே ஆண்டுகளில் தேட வேண்டிய சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. இந்தக் குற்றத்தைக் கருவியின் தலையில் சுமத்த முடியாது. ஆனாலும், செத்துப்போனவரின் வீட்டு முகவரியைக் கொடுத்து அவரிடம் போய்க் கேள் என்று சொல்வதை எத்தனை முறைதான் பொறுத்துக்கொள்வது?

கருவியின் மேல் சுமத்த முடியாத இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லத் தயக்கமாகவே இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு படத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். எதையும் தேடாமல், மூலை மூலையாக. கருவி வந்த பிறகு அந்த ஒரு மணி நேரம் ஒரு நிமிடமாகச் சுருங்கியது. ஒருமுறை என் குறிப்பைப் படித்த செய்தி ஆசிரியர், “இது எப்படி உங்களுக்குத் தெரியும்?” என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். பதிலுக்கு நான் திறந்து பார்த்தபோது என்னிடம் இருந்தது கருவியின் நான்கு வாக்கியங்கள் மட்டுமே. அந்தக் குறிப்பை விலக்கிக்கொண்டேன். அதன் பின்னர், இன்னும் அடையாளம் தெரியாத சாட்சிகளின் முகம் உள்ள படங்களை அதில் ஏற்றுவதையும் நிறுத்தினேன். அவர்களிடம் நான் அனுமதி கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். கட்டணம் பாதியானாலும் வேண்டாம். நீங்கள் என்னைவிட நிதானமாகப் படம் பார்ப்பவர். அந்தப் பழக்கம் ஒருமுறை போனால் மீட்பது எவ்வளவு கடினம் என்பதைச் சென்ற ஓராண்டாக அனுபவித்து வருகிறேன்.

நான் நேற்றிரவு அடுத்த ஓராண்டுக்குப் புதுப்பித்துவிட்டேன். கையில் ஒரு புதிய நிறுவனப் பதிவேடு இருக்கிறது. அதில் ஒரு டான் இருக்கிறார், அவர் வேறெங்கோ சென்னாகவோ சானாகவோ இருக்கக்கூடும்.