நாளுக்கு ஐம்பது குட்டிக் கப்: எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பின் எதைக் குடிப்பது, எதை விடுவது?

எடைக்குறைப்பு ஆபரேஷன் ஸ்லீவ் வகை ஆனாலும் இரைப்பை பைபாஸ் ஆனாலும் டிஸ்சார்ஜ் தாளில் பொதுவாக இரண்டு எண்கள் இருக்கும். நாளுக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் திரவம், 60 கிராம் புரதம். இதில் என்ன கஷ்டம் என்று தாளைப் படிக்கும்போது தோன்றும். வீட்டுக்கு வந்து முதல் டம்ளரைக் கையில் எடுத்ததும் தெரிந்துவிடும்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஒரு குறுகலான குழல். பைபாஸில் சாப்பாடு இறங்கும் பை சுமார் 30 மில்லிதான். ஸ்டேப்பிள் போட்ட ஓரம் முழுக்க வீங்கியிருக்கும். அதனால் 15 நிமிடத்துக்கு 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி, இதுதான் ஆரம்பத்தில் வலியில்லாமல் இறங்கும் அளவு. அந்த 30 மில்லிதான் இங்கே ஒரு கப். மணிக்கு நாலு கப். பன்னிரண்டரை மணி நேரம் விடாமல் குடித்தால் 50 கப், 1500 மில்லி. இந்த ஐம்பது கப்தான் உங்கள் ஒரு நாள் பட்ஜெட். ஒரு பானம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயன் இல்லை. ஒரு கப்பை அதற்குக் கொடுத்தால் அது என்ன திருப்பித் தருகிறது என்பதே கேள்வி.

வழக்கமாக முதல் ஓரிரு நாள் தெளிந்த திரவம், பிறகு ஏறத்தாழ இரண்டு வாரம் வரை பால், புரதப் பானம் போன்ற முழுத் திரவம், அதன் பின் மசித்த உணவு. இந்தக் கணக்கு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். உங்கள் சர்ஜன் தந்த தாள் வேறு சொன்னால் அந்தத் தாள்தான் சரி.

தெளிந்த திரவம்: இளநீரா, ஓ.ஆர்.எஸ்ஸா, ரசமா, மோரா?

முதல் நாட்களில் புரதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், உடம்பில் தண்ணீர் நின்றால் போதும். டிஸ்சார்ஜ் ஆனவர்கள் மறுபடி அட்மிட் ஆவதற்கு நீர்ச்சத்துக் குறைவு ஒரு முக்கியமான காரணம்.

ஊரில் எல்லோரும் இளநீரோடுதான் பார்க்க வருவார்கள். அது மோசமான பானம் இல்லை. ஆனால் அதில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம், புரதம் கிட்டத்தட்ட இல்லை. ஒரு காயில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கலாம். டெல்மிசார்ட்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற, பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் பி.பி. மாத்திரை எடுப்பவர்களும் கிட்னி பலவீனமானவர்களும் டாக்டரைக் கேட்காமல் தினமும் இளநீர் குடிக்கக் கூடாது. மற்றவர்கள் காலையில் நாலைந்து கப் குடிக்கலாம். வழுக்கை கூடவே கூடாது.

தலைசுற்றல், சோர்வு, அடர் மஞ்சள் சிறுநீர் என்று தொடங்கினால் இளநீரை விட ஓ.ஆர்.எஸ் மேல். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். பைபாஸ் ஆனவர்களும் சின்னச் சின்ன வாயாகக் குடிக்க அது பெரும்பாலும் ஒத்துவரும். பவுடர் பாக்கெட் வாங்கி, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். கண்ணளவில் பாதி கொட்டினால் உப்புக் கணக்கு கெட்டுப்போகும். அட்டை டப்பாவில் வரும் இனிப்பு எலெக்ட்ரோலைட் பானம் வேறு சாமான். அதில் சர்க்கரை பல மடங்கு. அப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ் என்று போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

ரசத்துக்குப் புரத மதிப்பு பூஜ்யம். ஆனாலும் அதை விடச் சொல்ல மாட்டோம். இரண்டாம் நாளே இனிப்பைக் கண்டால் குமட்டும். அப்போது நாக்கை மீட்டுத் தருவது உப்பும் புளிப்பும்தான். வைக்கும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்: மிளகாய் வேண்டாம், புளி பாதி, மிளகு பேருக்கு, தாளிப்பு கிடையாது. டீ வடிகட்டி போதாது. மிளகுப் பொடியின் துகளும் தக்காளித் தோலும் அதில் தப்பி வந்துவிடும். மெல்லிய வெள்ளைத் துணியை இரண்டாக மடித்து வடியுங்கள். ஒரு கடுகு போனால் என்ன என்று கேட்கலாம். வீங்கிய குழலில் அது ஒட்டி நிற்கிற அரை மணி நேரத்தில் பதில் கிடைக்கும்.

மோர், முழுத் திரவக் கட்டத்தில் சேர்ப்பது. ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டால் கப்புக்குக் கால் கிராம் புரதம். தாகத்துக்கு அருமை. ஆனால் மோர் குடித்தேன், புரதம் ஆச்சு என்று கணக்கு எழுதக் கூடாது. கறிவேப்பிலை, இஞ்சி, கொத்தமல்லி எதுவும் மிதக்கக் கூடாது. அரைத்துத் துணியில் வடித்தால் வாசம் வரும், நார் வராது.

புரதம்: இங்கேதான் உண்மையான போட்டி

பால் 100 மில்லியில் 3.2 கிராம் புரதம், கப்புக்கு ஒரு கிராம். 60 கிராமுக்குப் பால் மட்டும் என்றால் கிட்டத்தட்ட 1.9 லிட்டர் வேண்டும். ஐம்பது கப்பில் அடங்காது.

பருப்புத் தண்ணீரைப் பற்றி ஒரு மூடநம்பிக்கையே இருக்கிறது. 50 கிராம் துவரம் பருப்பில் 11 கிராம் புரதம் உண்டு என்பது சரி. வேகவைத்து மேலாக இறுத்த தண்ணீரில் அதில் மிகக் கொஞ்சமே வரும், மீதி பருப்பிலேயே கிடக்கும். மொத்தத்தையும் மிக்ஸியில் அடித்து அரை லிட்டராக்கி வடித்தாலும் கப்புக்கு அரை கிராம்தான் தேறும், அதுவும் கெட்டியாக, வாயுவோடு. மசித்த உணவுக் கட்டத்தில் பருப்புக்கு நல்ல இடம் உண்டு. இப்போது இல்லை.

சிக்கன் சூப்பும் இதே கதை: புரதம் கறியில் இருக்கிறது, தண்ணீரில் இல்லை. ஆட்டுக்கால் சூப்பில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஆனால் அது எலும்பும் தோலும் கரைந்த ஜெலட்டின். அதில் டிரிப்டோபன் என்ற அவசிய அமினோ அமிலம் கிடையாது. புரதக் கணக்கில் அதை முழு மார்க்கோடு சேர்க்க முடியாது. மேலே மிதக்கும் கொழுப்பு வேறு குமட்டும். ஃபிரிட்ஜில் வைத்து, உறைந்த கொழுப்பை வழித்து எடுத்துவிட்டுச் சூடாக்கினால் உப்புச் சுவைக்கு நல்ல பானம். அவ்வளவுதான்.

வே புரதம் என்பது பால் திரிந்து பிரியும் தண்ணீரில் உள்ள புரதம். அப்படியானால் பன்னீர் வடித்த தண்ணீரும் அதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. பாலைக் கொதிக்க வைத்துத் திரிக்கும்போதே வே புரதத்தின் பெரும்பகுதி பன்னீரோடு போய்விடும். பச்சைமுட்டை அடித்துக் குடிப்பது இன்னும் மோசம். சால்மொனெல்லா கிருமி பயம் ஒரு பக்கம், பயோட்டின் சத்தை உடம்பில் சேரவிடாத அவிடின் இன்னொரு பக்கம்.

ஆக மிஞ்சுவது மூன்று.

முதலாவது வே புரோட்டீன் பவுடர். 30 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் புரதம் என்று வையுங்கள். 200 மில்லித் தண்ணீரில் கலந்தால் கப்புக்கு 3.6 கிராம், பாலைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். வேறு எதுவும் பக்கத்தில் வராது.

இரண்டாவது, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் சேர்த்த பால். 200 மில்லிப் பாலில் பால் பவுடர் 15 கிராம் கலந்தால் மொத்தம் 11 கிராமுக்கு மேல் புரதம், கப்புக்கு 1.7. செலவும் குறைவு, எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். பச்சைப் பாக்கெட், ஆரஞ்சுப் பாக்கெட் வேண்டாம். 3 சதவீதக் கொழுப்புள்ள டோன்டு பால் அல்லது அதற்கும் குறைந்தது போதும். முழு 60 கிராமையும் இதிலேயே எடுக்க முடியுமா என்றால், கணக்குப்படி சுமார் 35 கப்பில் முடியும். ஆனால் அதோடு 80 கிராமுக்கு மேல் லாக்டோஸும், அதாவது பாலில் உள்ள சர்க்கரையும், உள்ளே போகும். வயிற்றுப்போக்கும் வாயுவும் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆகவே இது துணைதான், தனி ஆளில்லை.

மூன்றாவது, துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர். தண்ணீர் வடிந்ததும் 100 கிராமுக்குச் சுமார் 8 கிராம் புரதம் நிற்கும், லாக்டோஸில் ஒரு பகுதியும் தண்ணீரோடு போய்விடும். சம அளவு தண்ணீர் விட்டு, உப்புப் போட்டு அடித்தால் கப்புக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல். பவுடர் வாசனையே ஆகாதவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வோம்.

ஒரு நாளுக்கு இப்படிக் கூட்டிப் பாருங்கள்: இரண்டு ஸ்கூப் பவுடர் 400 மில்லியில், பவுடர் சேர்த்த பால் 200 மில்லி. 59 கிராம் புரதம் இருபது கப்பில் முடிந்தது. மீதி முப்பது கப் தண்ணீர், ரசம், மோர் என்று உங்கள் இஷ்டம். முதல் வாரத்தில் இதை எட்டுபவர்கள் குறைவு. தண்ணீரா புரதமா, ஒன்றுதான் முடியும் என்ற நாளில் தண்ணீரைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த டப்பா?

வே பவுடரில் கான்சென்ட்ரேட், அதைவிடச் சுத்திகரித்த ஐசோலேட் என்று இரண்டு வகை உண்டு. கான்சென்ட்ரேட்டை விட ஐசோலேட் விலை கூடுதல், லாக்டோஸ் மிகக் குறைவு. ஸ்லீவ் ஆகி, பால் ஒத்துக்கொள்கிறவர்களுக்குக் கான்சென்ட்ரேட் தாராளம். பைபாஸுக்குப் பின் அதுவரை ஒத்துக்கொண்ட பால்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும். அவர்களுக்கு ஐசோலேட்டின் விலை வீண் இல்லை. பால் பொருளே வேண்டாம் என்பவர்களுக்குச் சோயா ஐசோலேட் நல்லது; பட்டாணிப் புரதம் தொண்டையில் மாவு மாதிரி நிற்கும்.

ஜிம் கடையில் மாஸ் கெய்னர் டப்பாவைத் தூக்கி வந்துவிடாதீர்கள். அதில் பெரும்பங்கு மாவுச்சத்து, எடை ஏற்றவே செய்தது. ஹார்லிக்ஸ் வகை மால்ட் பானங்களும் புரதக் கணக்கில் தேறாது. லேபிளில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று பாருங்கள். 70க்கு மேல் என்றால் எடுங்கள். கிளைசின், டாரின் போன்ற அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்த பட்டியல் இருந்தால் சந்தேகப்படுங்கள், அது எண்ணைக் கூட்டிக் காட்டும் மலிவு வேலை. ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு கிலோ டப்பா வாங்குவது பலரும் செய்கிற தவறு. பின்னால் சுவை மாறும், நேற்றுப் பிடித்த சாக்லேட் இன்று திகட்டும். சின்ன சாஷே வாங்கிப் பாருங்கள். சுவையில்லாத பவுடர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். ரசத்திலும் சூப்பிலும் அரை ஸ்கூப் கலக்க அதுதான் உதவும்.

கலக்கும்போது இரண்டு தப்பு நடக்கும். கொதிக்கிற திரவத்தில் போட்டால் புரதம் திரிந்து கட்டிகட்டியாகும். விரல் வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிட்டு, முதலில் சிறிது குளிர்ந்த நீரில் குழைத்து ஊற்றுங்கள். ஷேக்கரில் குலுக்கினால் நுரை வரும், அந்த நுரை காற்று, காற்று உள்ளே போனால் நெஞ்சடைக்கும். கலந்து பத்து நிமிடம் வைத்து நுரை அடங்கியதும் குடியுங்கள்.

கஞ்சி?

வீட்டில் பெரிய சண்டை இதற்குத்தான் வரும். சத்துமாவும் கேழ்வரகும் ஆரோக்கியமானவை, மறுப்பதற்கில்லை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. ஆனால் ஒரு டம்ளர் கஞ்சிக்கு எடுக்கும் மாவு ஒன்றரைக் கரண்டி. புரதம் சொற்பம், வயிறோ கெட்டியால் அடைந்துவிடும். இரண்டாம் வாரம், புரதம் முடிந்த பின், நீர்க்க, வடித்து.

குடிக்கும் விதம்

அண்ணாந்து குடிப்பது நம் ஊர்ப் பழக்கம். இந்த இரண்டு வாரத்துக்கு அதை அடியோடு விட வேண்டும். டம்ளரைத் தூக்கி ஊற்றினால் ஒரே விழுங்கில் இரண்டு மேசைக்கரண்டி காற்றோடு போய் விழும். நெஞ்சு நடுவே குத்தும், வாயில் கொழகொழவென்று நுரை ஊறி வெளியே வரும். உதடு வைத்து, ஒரு கப்பை ஐந்தாறு வாயாகப் பிரித்துக் குடியுங்கள். ஸ்ட்ராவும் சோடாவும் கிடையாது. ஃபில்டர் காபியைப் பல மையங்கள் முதல் சில வாரம் தள்ளி வைக்கச் சொல்கின்றன. ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே குறைத்துக்கொண்டு வந்தால் தலைவலி தப்பும்.

மலச்சிக்கல் வரும். அதற்கு இசப்கோல் கலக்கிக் குடிக்காதீர்கள். குறுகிய குழலில் அது உப்பி அடைத்துக்கொள்ளும். டாக்டரிடம் சிரப் கேளுங்கள்.

சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் டாக்டரைக் கேட்காமல் பழைய அளவில் தொடரவே கூடாது. முக்கியமாக டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை. சாப்பாடு இவ்வளவு குறைந்த நிலையில் அவை, ரத்தத்தில் சர்க்கரை ஏறாமலே கீட்டோ அமிலம் சேர வைக்கும். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வலி மாத்திரைகளும் வேண்டாம், குறிப்பாகப் பைபாஸுக்குப் பின் அவை புண் உண்டாக்கும்.

காய்ச்சல், ஓய்வில் இருக்கும்போதே நாடித்துடிப்பு 120ஐத் தொடுவது, அதிகமாகும் வயிற்றுவலி, இடது தோள்பட்டை வலி, மூச்சுத்திணறல்: எது வந்தாலும் தையல் கசிவா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். ஒரு நாள் முழுக்க எதைக் குடித்தாலும் வாந்தி என்றாலும் காத்திருக்காதீர்கள். அவசரத்துக்குப் பக்கத்து கிளினிக்கில் டிரிப் ஏற்றப் போனால், எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆனவர் என்பதைச் சொல்லி, குளுக்கோஸுக்கு முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடச் சொல்லுங்கள். பல நாள் வாந்தியில் பி1 வற்றிய உடம்பில் குளுக்கோஸ் முதலில் ஏறினால் மூளையை அது பாதிக்கும்.