பல் முளைக்கும்போது பகல் தூக்கம் ஒன்றா, இரண்டா?

செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் பிள்ளைகள் பகலில் நன்றாகவே தூங்கும். கடைவாய்ப் பல் முளைக்கும்போதுதான் சிக்கல். முதல் கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் 13 முதல் 19 மாதத்துக்குள் வரும். பகல் தூக்கம் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைவதும் ஏறக்குறைய அதே சமயம்தான்.

இரண்டு பகல் தூக்கத்தையும் தொடர்ந்தால், ஈறு வலியில் இரவு கெட்ட தூக்கத்தைப் பிள்ளை காலையில் ஈடுகட்டிக்கொள்ளும். சாயங்காலத் தூக்கம் நீண்டால் மட்டும் இரவு 10 மணிக்கும் கொட்டக் கொட்ட விழித்திருக்கும். ஒன்றாக்கினால் மதியச் சோறு ஊட்டியதும் அசந்து தூங்கும். ஆனால் 11 மணிக்கே கண்ணைக் கசக்கி, வீங்கிய ஈறில் விரலை வைத்துச் சிணுங்கும் பிள்ளையை விழிக்கவைப்பது பாவம்.

பல் வெளிவரும்வரை இரண்டே இருக்கட்டும் என்பேன். சாயங்காலத் தூக்கத்தைச் சுருக்கினால் போதும். கடிக்கக் குளிர்ந்த ஈரத்துணி கொடுங்கள், ஈறு மரத்துப்போகும் ஜெல் வேண்டாம். அப்புறம், ஆச்சி பல் காய்ச்சல் என்றாலும், 38 டிகிரி செல்சியஸ் தாண்டினால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.