தாய்வீட்டோடு சண்டை போட்டுத் தாய்வீட்டுக்கே திரும்பிய கட்சி

சரக்கு: அர்ட்டிகோலோ ஊனோ. இத்தாலிய இடதுமையக் கட்சி. பிறப்பு 2017 பிப்ரவரி, ரோம். காலாவதி 2023. மதிப்பெண் 5க்கு 2.

நெல்லைச் சீமையில் தலைவரோடு மனத்தாங்கலாகி, தனிக்கொடி தைக்கக் கொடுத்திருக்கிற அண்ணாச்சிமார் யாராவது இருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் இதைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

பெயர் பிரமாதம். உழைப்பை அடித்தளமாகக் கொண்ட ஜனநாயகக் குடியரசு இத்தாலி என்கிறது அந்நாட்டு அரசமைப்பின் முதல் பிரிவு. கட்சிப் பெயரின் பொருளும் 'முதல் பிரிவு'தான். ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2013 தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்குத் தலைமை தாங்கிய பெர்சானி, முன்னாள் பிரதமர் தலேமா, இளையவர் ஸ்பெரான்சா. ஜனநாயகக் கட்சித் தலைவரும் அப்போதைய பிரதமருமான ரென்சி தொழிலாளர் சட்டத்தைத் தளர்த்தியது, 2016 டிசம்பர் பொதுவாக்கெடுப்பில் தோற்ற பிறகும் கட்சியை விடாமல் பிடித்துக்கொண்டது, இவைதான் இவர்கள் தாய்க்கட்சியான ஜனநாயகக் கட்சியிலிருந்து பிரிந்ததற்குக் காரணம்.

கோளாறு பாசனக் கணக்கில். 2017இல் வந்த தேர்தல் சட்டப்படி, பட்டியல் ஓட்டில் நாடாளுமன்ற இடம் பெற 3 விழுக்காடுதான் மறுகால் மட்டம். குளம் ஒரு விரற்கடை குறைந்தாலும் மறுகால் பாயாது அல்லவா, அப்படித்தான். கூட்டணிக்குள் நிற்கும் பட்டியல் 1க்கு மேல், 3க்குள் வாங்கினால் அந்த ஓட்டாவது கூட்டாளிகள் கணக்கில் சேரும். தனியாக நின்று 3ஐத் தொடாவிட்டால் மணலில் ஊற்றிய தண்ணீர். இவர்கள் தனியாகத்தான் நின்றார்கள், இன்னும் இரண்டு சிறு கட்சிகளைச் சேர்த்து 'சுதந்திரரும் சமமானவரும்' என்ற பட்டியலாக. தலைமைக்கு மேலவைத் தலைவர் கிராஸ்ஸோவை வெளியிலிருந்து அழைத்து வந்தார்கள். மாஃபியாவுக்கு எதிரான வழக்குகளை நடத்திப் பெயர் வாங்கியவர்தான், ஆனால் வார்டில் இறங்கி வேலை பார்க்க அவருக்கென்று ஆள் ஏது?

2018 மார்ச்சில் கிடைத்தது 3.4 விழுக்காடு. கீழவையில் 630க்கு 14, மேலவையில் 4. ரென்சி மேல் கடுப்பான ஓட்டெல்லாம் இவர்களைத் தாண்டி ஐந்து நட்சத்திர இயக்கத்துக்குப் போய்விட்டது. அதற்கு 32 விழுக்காட்டுக்கு மேல். மேடையில் ஒன்றாக நின்ற மூன்று கட்சிகளும் ஒரே கட்சியாகும் பேச்சு அந்த ஆண்டே நீர்த்துப்போனது.

வேடிக்கை பிறகுதான். யாரைப் பிடிக்காமல் வெளியே வந்தார்களோ, அந்த ரென்சியே 2019 செப்டம்பரில் தாய்க்கட்சியை விட்டுப் போய்த் தனிக்கடை போட்டார். இனி இந்தக் கடைக்கு என்ன வியாபாரம்? 2022இல் ஜனநாயகக் கட்சிப் பட்டியலிலேயே நின்றார்கள். மறு ஆண்டு அந்தக் கட்சிக்கு ஷ்லைன் தலைவரானதும் அங்கேயே கரைந்துவிட்டார்கள்.

ஆனாலும் ஒன்று. 14 உறுப்பினர் என்று எண்ணிச் சிரித்துவிடக் கூடாது. பெரும்பான்மை இழுபறியாக இருந்த அவையில் அந்தக் கைப்பிடி ஆட்கள்தான் ஸ்பெரான்சாவைச் சுகாதார அமைச்சராக்கினார்கள். கொரோனாக் காலம் முழுக்க, 2022 அக்டோபர் வரை, அரசு மாறியும் அவர் மாறவில்லை.

கொடுத்த 2 மதிப்பெண்ணில் ஒன்று பெயருக்கு. மற்றது அந்த அமைச்சர் நாற்காலிக்கு.