பாலக்கோட்டுக் கடையில் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பும் லிப்ரே ஆபீஸ் பில்டும்

பாலக்கோட்டில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல் மனு, வாடகை ஒப்பந்தம், பத்திரிகை மேட்டர் என்று நாள் முழுக்க லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளின் ரைட்டரில்தான் தமிழ் அடிப்பது. எனக்குச் சோறு போடுகிற மென்பொருள் உள்ளே எப்படி இருக்கிறது என்று மூலநிரலிலிருந்தே கட்டிப் பார்க்க (இதைத்தான் பில்ட் என்பார்கள்) ரொம்ப நாள் ஆசை. அதற்காகத் தர்மபுரி 4 ரோடு பக்கம் ஒரு கடையில் திங்க்பேட் டி480 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விலை 17,500 ரூபாய். ஆறு மாதம் ஆகிறது.

உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் போட்டேன். பில்டுக்குத் தேவையான லைப்ரரிகளை (துணை நிரல் தொகுப்புகளை) ஒவ்வொன்றாகத் தேடி அலைய வேண்டாம். சாஃப்ட்வேர் சோர்ஸ் பட்டியலில் மூலநிரல் இருக்கும் இடமான டெப்-எஸ்ஆர்சி-யைச் சேர்த்துவிட்டு, ஆப்ட் பில்ட்-டெப் லிப்ரேஆபீஸ் என்று கொடுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். மூலநிரலை இறக்குவதுதான் பாடு. மூலநிரலை அதன் பழைய வரலாற்றோடு நகலெடுக்கும் கிட் குளோன் பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்துதான். போன் ஹாட்ஸ்பாட்டில் இரண்டு முறை அப்படிப் போனது. அப்புறம் டெப்த் 1 என்று சேர்த்து, பழைய வரலாறு இல்லாமல் இன்றைய நிலையை மட்டும் இறக்கினேன். ஒரே மூச்சில் வந்துவிட்டது.

முதல் பில்டை ராத்திரி 9 மணிக்குப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் டெர்மினலில் கடைசி வரி: கில்டு சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ். ஏதோ நிரல் பிழை என்று அரை நாள் தேடினேன். பிழையே இல்லை, ராம் பற்றவில்லை. இந்த பிராசஸரில் 4 கோர், 8 த்ரெட். நாம் எதுவும் சொல்லாவிட்டால் பில்ட் எட்டு கம்பைலர்களை (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றுபவை, சிசி1பிளஸ் அதில் ஒன்று) ஒன்றாக ஓட்டும். பெரிய சி++ கோப்பு என்றால் ஒன்றே ஒரு ஜிபிக்கு மேல் தின்னும். ராமில் இடம் தீர்ந்ததும் லினக்ஸின் மையமான கர்னல் ஒரு கம்பைலரைக் கொன்றுவிடுகிறது. பில்ட் அமைப்புகளை எழுதும் ஆட்டோஜென் இன்புட் கோப்பில், ஒரே நேரத்தில் மூன்று மட்டும் ஓடட்டும் என்று வித்-பேரலலிசம் 3 எழுதியதும் முடிந்தது, ஆனால் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் ஆனது.

இந்த மாடல் எனக்குப் பிடித்துப்போனது இங்கேதான். ராமுக்கு இரண்டு ஸ்லாட் இருக்கிறது. பயாஸில் உள் பேட்டரியை டிசேபிள் செய்துவிட்டுப் பின் மூடியைக் கழற்றினேன். திருகுகள் மூடியிலேயே தங்கிவிடும், கீழே விழுந்து தொலையாது. ஒரு 16 ஜிபி ராம் சேர்த்தேன், நான் வாங்கியபோது 2,900 ரூபாய். எட்டு கம்பைலர்களும் ஒன்றாக ஓட, நாலேகால் மணி நேரத்தில் பில்ட் முடிந்தது. முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்து வைக்கும் சிகேஷ் போட்ட பிறகு மறுபில்டு அரை மணிக்குள். இந்த வேலைக்குப் புது பிராசஸரைவிட ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும் காசு போடுங்கள். 256 ஜிபி எனக்கு இப்போதே இறுக்கமாக இருக்கிறது.

அதே ஆட்டோஜென் இன்புட் கோப்பில், மொழிக்கான வித்-லாங் என்பதில் தமிழின் குறியீடான டிஏ கொடுத்திருந்தேன். பில்ட் முடிந்து வந்த இன்ஸ்ட்டிர் ஃபோல்டருக்குள் போய், லிப்ரே ஆபீஸைத் தொடங்கும் எஸ்ஆபீஸைத் திறந்தபோது, நான் கட்டிய ரைட்டர் தமிழ் மெனுவோடு வந்து நின்றது. கடைக்கு வந்த பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரைட்டரின் நிரல் எஸ்டபிள்யூ என்ற ஃபோல்டரில் இருக்கிறது. ரைட்டருக்கு முன்னோடியான ஸ்டார்ரைட்டர் காலத்துப் பெயர், இன்னும் மாற்றவில்லை. அங்கே ஒரு வரி மாற்றினால், பில்டை ஓட்டும் மேக் கட்டளையை மேக் எஸ்டபிள்யூ என்று கொடுத்து அந்தப் பகுதியை மட்டும் கட்டிக்கொள்ளலாம்.

குறை பேட்டரி. நாலு மணி நேரம் நிற்கும் என்றார்கள் லேப்டாப் விற்ற கடையில். பில்ட் ஓடும்போது ஐம்பது நிமிடம்தான், சும்மா டைப் அடித்தாலும் ஒன்றரை மணி. கேட்டால் பேட்டரிக்கு வாரண்டி கிடையாது என்றார்கள், அதை வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். பராமரிப்புக்குக் காலை 9 முதல் 5 வரை கரண்ட் நிறுத்தும் நாளில் பில்ட் போடுவதே இல்லை. நடுவில் அணைந்தாலும் மேக் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பது ஆறுதல். நீங்கள் வாங்கப் போனால் லேப்டாப்பில் நிறுவாமலே உபுண்டுவை ஓட்டும் லைவ் பென்டிரைவ் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். யூபவர் கட்டளையில், பேட்டரியின் இன்றைய முழுக் கொள்ளளவும் புதிதில் இருந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வரும். அதைக் கடைக்காரரிடம் காட்டிவிட்டு விலை பேசுங்கள்.