ஷூமாயா, கியோசாவா? வீட்டில் முதலில் எதைச் செய்வது

சீனத்திலிருந்து வந்து ஜப்பானிய வீடுகளில் நிலைத்துவிட்ட சிற்றுணவுகளில் மூன்றை நம் சமையலறையிலும் செய்து பார்க்கலாம். முதலாவது கியோசா, அரைவட்டமாக மடித்து, அடிப்பக்கம் முறுகும்படி வாணலியில் வேகவைப்பது. இரண்டாவது ஷூமாய், மேல்வாய் திறந்தபடி ஆவியில் வேகும் சிறு உருளை. மூன்றாவது நிகுமான், இறைச்சிப் பூரணத்தை உப்பிய மாவுக்குள் பொதிந்து அவிப்பது. புதிதாகச் செய்யத் தொடங்குவோர் பெரும்பாலும் கியோசாவையே கையில் எடுக்கிறார்கள், அதன் புகழ் அப்படி. ஆனால் இறைச்சி சமைக்கும் வீடாக இருந்தால் ஷூமாயில் தொடங்குவதே சரி என்பது, மூன்றையும் பலமுறை செய்த பிறகு நான் வந்தடைந்த முடிவு.

வேறுபாடு ஊரிலிருந்தே தொடங்குகிறது. வட சீனத்தில் தடித்த மேல்மாவு கொண்டு நீரில் வேகவைக்கும் ஜியாவ்ஸிதான் கியோசாவின் மூலம்; அங்கே அது தனியாகவே ஒரு வேளை உணவு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வடகிழக்குச் சீனத்தின் மஞ்சூரியாவிலிருந்து திரும்பியவர்கள் வழியாக அது ஜப்பானில் பரவியபோது மேல்மாவு மெலிந்தது, பூண்டு கூடியது, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பதார்த்தமாக அது மாறியது. குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும், கியோசாவுக்கு அதிகம் செலவிடும் நகரம் எது என்று உட்சுனோமியாவும் ஹமமட்சுவும் போட்டி போடுகின்றன. 2021இல் இரண்டையும் முந்திக்கொண்டு மியாசாகி முதலிடம் பிடித்தது. ஷூமாயின் ஊர் யோகோஹாமா. அங்குள்ள கியோக்கென் நிறுவனம், ரயில் பயணிகள் ஆறிய பிறகு சாப்பிட்டாலும் சுவை குன்றக் கூடாது என்று, பன்றி இறைச்சியோடு உலர்ந்த சிப்பிச் சதையைச் சேர்த்து 1928இல் தன் ஷூமாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆறினாலும் கெடாத இந்தச் சுவை வீட்டில் செய்வோருக்கும் பயன்படும். காலையில் அவித்ததை மதிய உணவு டப்பாவில் வைத்துக் கொடுக்கலாம். கியோசாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது, வாணலியிலிருந்து எடுத்த சிறிது நேரத்திலேயே அதன் முறுகல் போய்விடும்.

என் முடிவுக்கு முதன்மையான காரணம், இரண்டும் காய்கறியின் நீரை நேர்மாறாகக் கையாள்கின்றன என்பதுதான். கியோசாவின் பூரணத்தில் முட்டைக்கோஸ் பாதியளவு இருக்கும். அதைப் பொடியாக நறுக்கி, உப்புப் பிசறி, பத்து நிமிடம் வைத்து, கையில் அள்ளி நன்றாகப் பிழிந்துவிட வேண்டும். பிழிவது குறைந்தால் நீர் கசிந்து மேல்மாவை ஊறவைக்கும், தட்டில் ஒட்டிக்கொண்டு எடுக்கும்போது அடி கிழியும்; அளவு மீறிப் பிழிந்தாலோ உள்ளே சக்கைதான் மிஞ்சும். ஷூமாயில் முட்டைக்கோஸுக்குப் பதில் வெங்காயம், அதைப் பிழியத் தேவையில்லை. பொடியாக நறுக்கிய ஒரு நடுத்தர வெங்காயத்தில் இரண்டு மேசைக்கரண்டி உருளைக்கிழங்கு மாவையோ சோள மாவையோ (கார்ன்ஃப்ளோர்) தூவிப் புரட்டி, 300 கிராம் கொத்துக்கறியோடு கலந்தால் போதும். வேகும்போது வெங்காயம் விடும் நீரை அந்த மாவு பிடித்துக்கொள்வதால் அது வெளியே ஓடாமல் உள்ளேயே சாறாகத் தங்குகிறது. கியோசா நம்மிடம் கேட்கும் கணிப்பை ஷூமாய் கேட்பதில்லை.

மடிப்பிலும் இதே கதைதான். கியோசாவின் ஒரு விளிம்பில் மட்டும் ஐந்தாறு மடிப்பு வைத்து, காற்று தங்காமல் மூட வேண்டும். சோமாசிக்கு விளிம்பு முறுக்கிப் பழகிய கைக்குக்கூட முதல் இருபது கோணலாகத்தான் வரும். ஷூமாய்க்கு இடக்கைக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கி, அதன்மேல் மெல்லியதாகத் தேய்த்த சதுர மாவுத் தாளை விரித்து, பூரணத்தை மழுங்கிய கத்தியால் அழுத்தி உள்ளே இறக்கினால் தாள் தானாகவே சுருங்கி ஒட்டிக்கொள்ளும். மேலே ஒரு பச்சைப் பட்டாணியைப் பதித்தால் வேலை முடிந்தது. தாள் கிழிந்துபோனாலும் வீணாகாது. கிழிந்தவற்றை நூல்நூலாக நறுக்கிப் பரப்பி, பூரண உருண்டைகளை அதன்மேல் புரட்டி அவித்தால் பூப்போல வரும், அதுவும் ஜப்பானில் வழக்கத்தில் உள்ள வடிவந்தான்.

ஜப்பானில் இரண்டுக்கும் தாள் கடையிலேயே கிடைக்கும். இங்கே நாமே செய்வதென்றால் 200 கிராம் மைதாவுக்கு ஏறத்தாழ 110 மில்லிலிட்டர் கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, ஈரத் துணியால் மூடி அரைமணி நேரம் விட வேண்டும். கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிளறுவோருக்கு இது பழகிய வேலை. கியோசாவுக்கு ஒவ்வொன்றாக வட்டம் தேய்க்க வேண்டும். ஷூமாய்க்குப் பெரிய தாளாக ஒரே மூச்சில் தேய்த்துச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொள்ளலாம். ஆனால் ஷூமாய்த் தாள் உள்ளிருப்பது நிழலாகத் தெரியும் அளவுக்கு மெலிந்திருக்க வேண்டும், தடித்தால் பச்சை மாவை மெல்வது போலிருக்கும். அடுப்பில் இட்லிப் பானையே போதும். தட்டில் முட்டைக்கோஸ் இலையைப் பரப்பி, அதன்மேல் அடுக்கி, நல்ல தீயில் பத்து நிமிடம் அவிக்க வேண்டும். பூரணத்துக்கு ஜப்பானியர் சேர்ப்பது வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெய். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளிலிருந்து வருவதால் அந்த மணம் அதில் இராது; இரண்டு கரண்டி எள்ளைச் சிவக்க வறுத்து இடித்துச் சேர்த்தால் ஓரளவு நெருங்கலாம்.

நிகுமானை இவற்றோடு ஒரே தட்டில் நிறுத்துவது நியாயமாகாது. ஈஸ்ட் சேர்த்த மாவு ஒரு மணி நேரம் உப்ப வேண்டும், வடிவமைத்த பின் மறுபடி காத்திருக்க வேண்டும், பானை மூடியின் நீர்த்துளி மேலே சொட்டாதபடி மூடியைத் துணியால் கட்ட வேண்டும். விடுமுறை நாளில் ஆசையோடு செய்யத்தக்கது. தோக்கியோவின் ஷின்ஜுகுவில் உள்ள நகமுராயா இந்த வகைப் பணியாரத்தை விற்கத் தொடங்கிய 1927ஆம் ஆண்டில்தான், அங்கே தஞ்சம் புகுந்திருந்த விடுதலை வீரர் ராஷ் பிஹாரி போஸின் வழிகாட்டலில் இந்தியக் கறியும் அதே கடையில் அறிமுகமானது என்பதை நினைக்கும்போது எனக்கு நிகுமான்மீது தனிப் பற்று வருகிறது.

சுவையை மட்டும் வைத்துப் பார்த்தால் கியோசாவே மேல் என்று தயங்காமல் சொல்வேன். எண்ணெய் காய்ந்ததும் அடுக்கி, அடி இளஞ்சிவப்பானதும் 100 மில்லிலிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி மைதாவைக் கரைத்து ஊற்றி மூடினால் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். மூடியைத் திறந்ததும் ‘தளதள’வென்ற சத்தம் குறைந்து ‘சடசட’வென்று மாறும், அப்போது ஓரத்தில் சிறிது எண்ணெய் விட்டால், ஜப்பானியர் இறகு என்று அழைக்கும் மெல்லிய பொன்னிற வலை எல்லாவற்றையும் இணைத்து ஒரே அடையாக எழும்பி வரும். ஷூமாயில் இந்த இன்பம் இல்லை.

சைவ வீடுகளுக்கோ என் பரிந்துரையே தலைகீழாகும். ஷூமாயை ஒன்றாகப் பிடித்து நிறுத்துவது இறைச்சியின் பசை. டோஃபுவும் காளானும் மட்டும் வைத்தால் திறந்த வாய் வழியாகப் பூரணம் உதிரும். முழுக்க மூடிய கியோசாவுக்கு அந்தக் கவலை இல்லை என்பதால், பிழியும் பதம் கைவரும் வரை சில தட்டுகள் கிழிந்தாலும் அவர்கள் அதிலேயே தொடங்கலாம். மிஞ்சியதை வேகவைக்காமல், ஒன்றோடொன்று ஒட்டாதபடி தட்டில் பரப்பி உறைய வைத்து, பின் ஒரே பையில் சேர்த்து வைக்கலாம். வேண்டும்போது உறை நீங்கக் காத்திராமல் அப்படியே வாணலியில் அடுக்கி, நீரை மட்டும் சற்றுக் கூட்டி ஊற்ற வேண்டும்.