பழனி மலைக்கு: வின்ச்சா, ரோப்காரா?

முழங்கால் ஒத்துழைக்காதவருக்கு 693 படி ஆகாது. மிச்சம் இரண்டு வழி.

ரோப்கார் 2004இல் வந்தது. சுமார் 3 நிமிடத்தில் மேலே விட்டுவிடும். ஆனால் காற்று பலத்தால் நிறுத்திவிடுவார்கள். மாதம் ஒரு நாள், ஆண்டுக்கொருமுறை பல வாரம் பராமரிப்புக்கும் மூடுவார்கள். ஆடிக் காற்றில் இதை மட்டும் நம்பிப் பெரியவர்களைக் கூட்டிப் போகவேண்டாம்.

1966 முதல் ஓடும் வின்ச், கம்பிவடம் இழுக்கும் தண்டவாளப் பெட்டி. சுமார் 8 நிமிடம். மெதுவு என்றாலும் காற்றுக்கு அஞ்சாது. நமது ஓட்டு இதற்கே. நிலையம் மலையடிவாரத்தைச் சுற்றும் கிரிவீதியின் மேற்குப் பக்கத்தில். கிரிவீதிக்குள் சொந்தக் கார் போகாது, கோயில் பேட்டரி காரைப் பிடிக்கவேண்டும்.

எதில் ஏறினாலும் கால் நோவது வரிசையில்தான். கிருத்திகை, தைப்பூசம், பங்குனி உத்திரத்தைத் தவிர்த்துவிடுங்கள். மடக்கு நாற்காலி ஒன்று கையில் இருக்கட்டும்.