ஸ்போர்ட்ஸ் எம்பிஏ: ரசீதில் யார் பெயர் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

ஐடி, வங்கி, மருந்து விற்பனை என்று ஏதோ ஒன்றில் ஆறேழு வருடம் ஓட்டிவிட்டு, இனி கிரிக்கெட்டோ ஃபுட்பாலோதான் பிழைப்பு என்று முடிவெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கும். வீட்டில் 'இந்த வயசுல படிப்பா' என்ற முணுமுணுப்பும் இருக்கும். ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் எம்பிஏ என்று விளம்பரம் போடும் மோசமான மையங்கள் வலை விரிப்பது இவர்களுக்குத்தான். ஏமாந்தவர்களின் காகிதங்களை அடுக்கிப் பார்த்தால் ஊர்தான் வேறு, கதை ஒன்றே.

முதலில் ரசீது. 'இன்னும் நாலே சீட்டுதான் சார், இன்னைக்கு நைட்டுக்குள்ள பிளாக் பண்ணிடுங்க' என்று கவுன்சிலர் விரட்டுவார். பணம் போனபின் வரும் ரசீதின் தலைப்பில் பல்கலைக்கழகம் இருக்காது. ஏதோ ஒரு பிரைவேட் லிமிடெட் இருக்கும். கீழே 15 இலக்க ஜிஎஸ்டி எண், கட்டணத்தின் மேல் 18 சதவீதம் வரி. விஷயம் அங்கேயே உடைந்துவிடும். சட்டப்படி அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்பின் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. வரி போட்டிருக்கிறார்கள் என்றால் உங்களுக்கு விற்றது பட்டம் அல்ல, பயிற்சி. அதனால் பணம் கட்டும் முன்பே புரோஃபார்மா பில் (முன்மாதிரி ரசீது) கேளுங்கள். அனுப்ப மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

1956ஆம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டப்படி பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் கொடுத்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் வழங்கலாம். மையத்துக்கு அந்த அதிகாரம் இல்லாததால் இரண்டு குறுக்கு வழிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, 'பிஜி புரோகிராம்' என்று சொந்தச் சான்றிதழை அச்சடித்து, எம்பிஏவுக்குச் சமம் என்பது. தனி நிறுவனம் பிஜிடிஎம் என்ற மேலாண்மை டிப்ளமோ நடத்த, தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் ஒப்புதல் வேண்டும். அந்தக் கடிதத்தில் கல்வியாண்டும் எத்தனை இடம் என்பதும் இருக்கும். 'புரோகிராம்' என்று பெயர் வைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் அந்தப் பெயர்.

இன்னொன்று வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகத்தோடு 'டை-அப்'. அப்படிப்பட்ட பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு வெளியே படிப்பு மையம் நடத்தக்கூடாது, பட்டத்தை ஃபிரான்சைஸ் விடவும் கூடாது என்பது யுஜிசி விதி. எனவே உங்களை அதன் ஆன்லைன் எம்பிஏவில் சேர்த்துவிட்டு, வகுப்பை மட்டும் இங்கே நடத்துவார்கள். யுஜிசி அனுமதி பெற்ற ஆன்லைன் பட்டம் செல்லும். அதில் குறை இல்லை. குறை விலையில் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அதே எம்பிஏவுக்கு என்ன கட்டணம் என்று பார்த்து, மையம் கேட்கும் தொகையிலிருந்து கழியுங்கள். மிச்சம் நிற்பதுதான் வார இறுதி வகுப்புக்கும், முன்னாள் வீரர் ஒருவர் ஜூமில் பேசும் ஒரு மணி நேரத்துக்கும், லோகோ போட்ட டி-ஷர்ட்டுக்கும் நீங்கள் கொடுக்கும் விலை. சேரும்போது யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவுக்கான டெப் ஐடி உருவாக்கச் சொன்னால் அது ஆன்லைன் அல்லது தொலைதூரப் படிப்பு. 'ரெகுலர்தான்' என்று யார் சத்தியம் செய்தாலும் நம்பாதீர்கள்.

கடன்தான் பெரிய குழி. 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்பார்கள். அட்மிஷன் ஃபாரம் நிரப்புகிறோம் என்று சொல்லி ஓடிபி கேட்பார்கள். அது என்பிஎஃப்சி என்ற, வங்கி அல்லாத நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தத்தில் நீங்கள் போடும் கையெழுத்து. கடன் தொகை மொத்தமும் நேராக மையத்தின் கணக்குக்குப் போய்விடும். பத்தாம் நாள் படிப்பு பிடிக்காமல் விலகினாலும் கடன் உங்களுக்கும் என்பிஎஃப்சிக்கும் இடையிலானது. மாதம் பிறந்தால் தவணை தானாகப் பிடிக்கப்படும், கணக்கில் பணம் இல்லாவிட்டால் சிபில் ஸ்கோர் சரியும். ஓடிபி சொல்லும் முன் கேஎஃப்எஸ் என்ற விவரத்தாளைக் கேட்டு வாங்குங்கள். வருடாந்திர மொத்தச் செலவு விகிதமும், அபராதம் இல்லாமல் கடனைத் திருப்பிவிட்டு வெளியேற எத்தனை நாள் அவகாசம் என்பதும் அதில் இருக்கும். அதற்கும் முன்னால் ஒரு சுலபமான சோதனை: பொதுத்துறை வங்கிக் கிளையில் இந்தப் படிப்புக்குக் கல்விக்கடன் கிடைக்குமா என்று விசாரியுங்கள். 7.5 லட்சம் வரை அடமானம் கேட்காத திட்டம் அங்கே இருக்கிறது, ஆனால் அங்கீகாரத்தைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். வங்கி கைவிரித்தால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்து, எல்லோரையும் விழவைக்கும் 'ஐபிஎல் இன்டர்ன்ஷிப்'. லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள். சொந்த ஊரில் 7. ஆக, மைதான வேலை என்பது இரண்டு மாதத்தில் ஏழு நாள். மதியமே வந்து கழுத்தில் அட்டை மாட்டி, கேட்டில் டிக்கெட் ஸ்கேன் செய்து, எந்த ஸ்டாண்டுக்கு எந்தப் படி என்று கை காட்டி, கூட்டம் கலைந்தபின் வீட்டுக்கு வண்டி தேட வேண்டும். ஆட்டத்தையும் பார்க்க முடியாது, முதுகைக் காட்டித்தான் நிற்கவேண்டும். கடைசியில் கையில் வரும் கடிதமும் அணியின் லெட்டர்ஹெட்டில் இருக்காது. ஆள் சப்ளை செய்த ஈவென்ட் ஏஜென்சி கொடுத்ததாக இருக்கும். உண்மையான இன்டர்ன்ஷிப் சீசனுக்கு வெகு முன்பே தொடங்கிவிடும்: ஸ்பான்சருக்கு புரபோசல் தயாரிப்பது, ஒப்பந்தத்தில் சொன்ன விளம்பரப் பலகையும் வீரர் படப்பிடிப்பு நேரமும் கொடுத்தாயிற்றா என்று கணக்கு வைப்பது, சிறப்பு விருந்தினருக்கான ஹாஸ்பிடாலிட்டி பாக்ஸ் ஒதுக்குவது. கடிதத்தில் காலம், ஸ்டைபெண்ட், யாருக்குக் கீழே வேலை என்ற மூன்றும் இல்லையென்றால் அதற்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

'100% பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்' என்பதில் கடைசிச் சொல்லை மட்டும் படியுங்கள். போன இரண்டு பேட்ச்சில் எத்தனை பேர், எந்தப் பதவி, மாதச் சம்பளத்தில் நிலையானது எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். லிங்க்ட்இன்னில் மையத்தின் பெயரைப் போட்டுத் தேடி, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று நீங்களே எண்ணுங்கள். பழைய பிரசுரத்தில் ட்ரீம்11 போன்ற ஃபேன்டஸி கேம் நிறுவனங்களின் லோகோ வரிசையாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடைசெய்தது. ட்ரீம்11 இந்திய அணியின் ஜெர்சியிலிருந்தே விலகியது. அந்த வேலைகளைக் காட்டி இன்னமும் சீட் விற்கிறார்கள். ஃபுட்பால் ஏஜென்ட் ஆக எம்பிஏ வேண்டும் என்று சொன்னாலும் நம்பாதீர்கள்: ஃபிஃபா உரிமத்துக்குத் தேர்வுதான் உண்டு, 20 கேள்வி, 75 சதவீதம் எடுக்கவேண்டும்.

ஏற்கனவே பணம் கட்டிவிட்டவர்கள், கட்டியது பல்கலைக்கழகத்துக்கா மையத்துக்கா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் என்றால் யுஜிசியின் 2018 அறிவிப்பு கைகொடுக்கும்: சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் சிறு நடைமுறைக் கட்டணம் போக முழுத்தொகை, அதற்குப் பிறகு கடைசித் தேதிவரை 90 சதவீதம், அது கழிந்து 15 நாள்வரை 80, 30 நாள்வரை 50, அதன்பின் ஒன்றும் இல்லை. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. மையம் என்றால் யுஜிசியிடம் போய்ப் பயனில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். விலகும் கடிதத்தை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் ஒரே நாளில் அனுப்புங்கள், நகலை என்பிஎஃப்சிக்கும் சேர்த்து. கோபத்தில் கவுன்சிலரை பிளாக் செய்துவிட்டு வாட்ஸ்அப் சாட்டை அழித்துவிடாதீர்கள். 'ரெகுலர் எம்பிஏ, வேலை உறுதி' என்று அவர் அனுப்பிய வாய்ஸ் நோட்டுதான் வழக்கில் உங்கள் முதல் ஆவணம்.